வாளிக்காரி

டிவி திரையில் பெயர்கள் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் க்ளைவ் தட்டை மடியிலிருந்து எடுக்கவில்லை. சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை பாதி தின்றபடி ஆறி, அதன் மஞ்சள் குழம்பு தட்டில் ஏடு கட்டியிருந்தது. இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். சில வாரங்களில் அப்படி வருவதுண்டு. பெயர்களெல்லாம் முடிந்து திரை கறுத்த பிறகு ஒரு கதவு திறக்கும், ஒரு விளக்கு அணைந்து எரியும், அடுத்த வாரம் வரை அதையே மென்றுகொண்டிருக்கலாம். இன்று எதுவும் வரவில்லை. அறிவிப்பாளர் பெண் நல்ல குரலில் அடுத்து தோட்டக்கலை என்றாள். ஒருவர் ரோஜாச் செடியின் கிளையைக் கத்தரித்துக்கொண்டே சிரித்தார். க்ளைவ் ஒலியைக் குறைத்துவிட்டு, வீடியோ காசெட் இன்னும் பதிவாகிக்கொண்டிருப்பதை மறந்து, அப்படியே உட்கார்ந்திருந்தான்.

'கடைசித் துறைமுகம்' தொடரில் வெஸ் என்றொரு மாலுமி உண்டு. பூமி அழிந்தபின் தங்குவதற்கு ஓர் இடம் தேடி அலையும் கப்பலின் வழிகாட்டி அவன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்து உறைந்துபோனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் யாராவது அந்தப் பெட்டியின் அருகே வந்து நின்று தங்கள் கவலையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் இன்று விழிக்கப்போகிறான் என்று ஒரு வாரமாக விளம்பரம் ஓடியது. விழிக்கவில்லை. டாக்டர் ஒரு திரையைப் பார்த்து, "இவன் நினைவுகள் ஓடுகின்றன" என்றார். அவ்வளவுதான். அதன்பின் வந்ததெல்லாம் பழைய காட்சிகள். முதல் வருடத்துச் சண்டை, இரண்டாம் வருடத்துத் திருமணம், எல்லோரும் பலமுறை பார்த்துவிட்ட வெடிவிபத்து. நடுநடுவே டாக்டரின் கவலைப்பட்ட முகம். கடைசியில் வெஸ் ஒருமுறை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். மூடிக்கொண்டான். தயாரிப்பாளர்களிடம் பணம் தீர்ந்துவிட்டது போல என்று க்ளைவ் நினைத்தான். அப்படி நினைத்தது அவனுக்கே துரோகமாகப் பட்டது.

பெர்த்தில் அவன் மகள் பிரைடி இதை இன்னும் பார்த்திருக்கமாட்டாள். அங்கே மாலை இன்னும் தொடங்கவேயில்லை. டாஸ்மேனியாவில் ஓடி முடிந்த நிகழ்ச்சி கண்டத்தின் மறு கரைக்குப் போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆகும். அது முடிந்ததும் அவள் கூப்பிடுவாள். வியாழக்கிழமைகள் நான்கு வருடங்களாக இப்படித்தான். இதற்கென்று ஒரு விதியும் உண்டு. முதலில் பார்த்தவன் வாயைத் திறக்கக்கூடாது, போன் அங்கிருந்துதான் வரவேண்டும். அவள் அம்மாவுடன் அங்கே போன புதிதில், பொறுக்கமுடியாமல் ஒருமுறை இவனே கூப்பிட்டுக் கப்பலின் நாய் செத்துப்போனதைச் சொல்லிவிட்டான். அவளுக்கு அப்போது பத்து வயது. போனை வைக்காமலேயே எழுந்து போய்விட்டாள். அப்படியே கிடந்த அந்த ரிசீவரின் வழியாக, தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு வீட்டில் தன் மகள் அழுவதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அதன் பிறகு விதியை மீறியதில்லை.

அந்த இரண்டு மணி நேரம் அவனுக்குப் பிடிக்கும். சட்டைப்பைக்குள் ஒரு பரிசை வைத்துக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். இன்றுதான் முதன்முறையாக அதை எங்காவது தூக்கிப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. அவனுக்கு இருந்த பயம் தெளிவான பயம். இந்த ஒரு மோசமான பகுதியோடு அவள், "போதும்பா, இனிமே பாக்கல" என்று சொல்லிவிட்டால்? பிறகு வியாழக்கிழமை என்ன பேசுவது? மழை பெய்கிறதா என்று கேட்கலாம். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்பாள். அவ்வளவுதான், அவனிடம் இருப்பு தீர்ந்துவிடும். மற்ற அப்பாக்கள் பிள்ளைகளோடு எதைப் பேசுகிறார்கள் என்பது அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. பிரைடியின் அம்மா ரொவீனா அவனை விட்டுப் போனதும் சண்டை போட்டு அல்ல. அந்த வீட்டில் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அவள் பெர்த்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். அவன் தலையை ஆட்டினான். பெட்டிகளை அவனே கட்டிக்கொடுத்தான். நன்றாகவே கட்டினான், ஒரு கோப்பைகூட உடையவில்லை.

இன்று காலை கப்பலிலிருந்து கார்களை இறக்கிக்கொண்டிருந்தபோது டாரில் வழக்கம்போல ஆரம்பித்தான். இருவரும் டெவன்போர்ட் படகுத்துறையில் கார்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிறார்கள். ஆரஞ்சு நிறச் சட்டை, கையில் ஒளிரும் கோல். கார் ஓட்டுகிறவர்கள் அவர்களுடைய கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. க்ளைவுக்கு அந்த வேலை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"என்ன கேப்டன், இன்னிக்கு எந்தக் கிரகம்? செவ்வாயா சனியா?"

"சாயந்தரக் கப்பல நீ பாத்துக்கறேன்னு சொல்லியிருக்க. மறந்துடாத."

"மறப்பேனா? ஊருக்கே தெரியும், வியாழக்கிழமை உன் ராக்கெட் கிளம்பற நாளு. ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. பொண்ணுகிட்ட பேசணும்னா போன எடுத்துப் பேச வேண்டியதுதான? நடுவுல எதுக்குய்யா ராக்கெட்டு?"

பின்னால் ஒரு கேரவன் வண்டி திரும்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. க்ளைவ் அதைப் பார்த்துக் கோலை அசைத்தான்.

"சரி சரி, போன வாரம் உம் பொண்ணு என்ன சொன்னா? அதையாவது சொல்லு. எம் பொண்டாட்டி கேட்டுட்டு வரச் சொன்னா."

டாரிலின் மனைவிக்கு பிரைடியின் பேச்சு மிகவும் பிடித்துப்போயிருந்தது. துறையில் எல்லோருக்கும்தான். ஆறேழு வாரங்களுக்கு முன் பிரைடி தொடரில் வரும் கப்பல் டாக்டரின் பொய்முடியைப் பற்றி, "அந்த விக்குக்குப் பதவி உயர்வு குடுத்துட்டாங்கப்பா, பாத்தியா? இப்ப அதுதான் டாக்டர், அந்த ஆளு அதுக்கு உதவியாளு" என்று சொன்னதை க்ளைவ் இங்கே வந்து சொல்லியிருந்தான். அன்றிலிருந்து டாக்டருக்கு இந்தத் துறையில் பெயர் விக்கு. சிறு பெண்ணாக இருந்தபோது அவள் இப்படிப் பேசியதில்லை. கேள்விகள் கேட்பாள், அழுவாள், கப்பலின் வரைபடம் வரைந்து அனுப்புவாள். இந்த வருடம்தான் குரலில் ஒரு கூர்மை வந்திருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் அம்மாவைப்போல் ஆகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பு எங்கோ குத்தும், ஆனால் இதமாகவும் இருக்கும்.

தோட்டக்கலை முடிந்து செய்தி வந்தது. க்ளைவ் எழுந்து தட்டைக் கழுவினான். சன்னலுக்கு வெளியே மெர்சி ஆறு இருட்டாகக் கிடந்தது. கப்பல் போய்விட்ட பிறகு அந்த ஆறு எப்போதும் தேவைக்கு மேல் அகலமாகத் தெரியும். ஹீட்டரை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டு, காசெட்டைப் பின்னால் சுற்றி, தரையில் திரைக்கு அருகே போய் உட்கார்ந்தான். இந்தப் பகுதியில் நல்லதாக ஒன்றையாவது கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று போதும். அவள் கோபத்தில் கத்தி முடித்ததும், "அது சரி, ஆனா இதப் பாத்தியா?" என்று அவள் முன்னால் எடுத்து வைக்க ஏதாவது ஒன்று.

இரண்டாவது முறை பார்க்கும்போது வேறு ஒன்று நடந்தது. வெடிவிபத்துக் காட்சியில் அவன் வெடிவிபத்தைப் பார்க்கவில்லை. அதை முதன்முதலில் பார்த்த இரவில் இதே சோபாவில் பிரைடி தன் குளிர்ந்த பாதங்களை அவன் தொடைக்கடியில் செருகி வைத்திருந்தாள். திருமணக் காட்சியில் கேப்டன் கண்ணீர் விட்டபோது பிரைடிக்குப் பல் விழுந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு டிவியின் மேல் வைத்தார்கள். இந்தப் பழைய துண்டுகளை ஒட்டியவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவன் வேலை முடிந்தால் போதும் என்று ஒட்டியிருப்பான். ஆனாலும் ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் இந்த அறை இருந்தது. இந்த அறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் சோபாவில் உட்காரமாட்டாள். பின்னால் நின்று நர்ஸ் உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டே கிண்டல் செய்வாள்.

அப்போதுதான் திரையில் வேறொருத்தியைப் பார்த்தான். சந்தைக் காட்சி. முதல் வருடத்துக் காட்சி அது. ஏதோ ஒரு பாறைக் கிரகத்தின் சந்தையில் கேப்டன் எரிபொருளுக்குப் பேரம் பேசுகிறாள். பின்னால் கூட்டம். சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஒரு பெண் வாளியோடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகிறாள். சற்று நேரத்தில் மறுபடியும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகிறாள். பிறகு இன்னொருமுறை. கூட்டத்துக்கு ஆள் போதவில்லை, அவளையே சுற்றிச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். க்ளைவ் அன்று கவனிக்கவில்லை. பிரைடி அவன் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். பின்னாலிருந்து ரொவீனாதான் சொன்னாள்: "அந்தப் பொம்பள மூணாவது தடவையா போறா க்ளைவ். இவ்வளவு தண்ணியும் எங்கதான் கொண்டுபோய் ஊத்தறா?" அவன் தோள் குலுங்கிக் குழந்தை விழித்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதன்பின் நெடுநாள், இரவுப் பணி முடிந்து வந்து படுக்கையில் விழும்போது ரொவீனா, "இன்னிக்கு நான்தான் வாளிக்காரி" என்பாள். ஆஸ்பத்திரியின் ஒரே நடைவழியில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம், மறுபடியும் முதலிலிருந்து. அவன் இருட்டில் அவள் காலைப் பிடித்துவிடுவான். பேச்சு குறைந்த வருடங்களிலும் அந்த ஒரு சொல் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது.

படத்தை நிறுத்தினான். வாளிக்காரி ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். அவள் இடுப்புக்குக் குறுக்கே வெள்ளைக்கோடு ஒன்று நடுங்கியது. இதைத்தான் பிரைடியிடம் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தான். அவளுக்கு இது தெரியாது. புதிதாக இருக்கும்.

பெர்த்தில் முடிந்திருக்க வேண்டிய நேரம் வந்தது. போன் அடிக்கவில்லை. கெட்டிலைப் போட்டான். தேநீர் ஆறியது. போன் அடிக்கவில்லை. ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டிருந்தால் என்று பதறி உடனே வைத்தான். பார்த்துவிட்டாள், வெறுத்துவிட்டாள், எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். அப்படித்தான் இருக்கும். நாற்காலியில் நேராக உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். எவ்வளவு நேரமானாலும் அவனால் அப்படி உட்கார்ந்திருக்க முடியும். அதுதான் தன்னுடைய நோய் என்று திடீரென்று தோன்றியது. அப்படித் தோன்றியதால்தான், விதியை மீறி, எண்களை அழுத்தினான்.

"ஹலோ?" ரொவீனாவின் குரல்.

"நான்தான்."

"க்ளைவா? நீயா கூப்பிடற?"

"போன் வரல. அதான்."

"அவ… குளிச்சுக்கிட்டிருக்கா. வந்ததும் பேசச் சொல்றேன்."

"பாத்தாளா?"

"ம். பாத்தா."

"ரொம்பக் கோவமா இருக்காளா?"

"கோவம் வராம என்ன செய்யும்? கிழிஞ்ச துணியெல்லாம் ஒண்ணா தைச்சு, இந்தா போர்வைன்னு நீட்டற மாதிரி. ஒருத்தனும் நடிக்கல, அந்த விக்கு மட்டும்தான் கொஞ்சம் முயற்சி பண்ணுச்சு. வாளிக்காரிய வேற மறுபடியும் இழுத்துட்டு வந்துட்டாங்க, பாவம், இத்தனை வருஷம் கழிச்சும் அவளுக்கு…"

சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள்.

க்ளைவ் கேட்டுக்கொண்டிருந்தான். போனில் தண்ணீர் விழும் சத்தம் இல்லை. அங்கே மழை கூரையில் அடிப்பது கேட்டது. ஒரு சுவர்க்கடிகாரம். ரொவீனாவின் மூச்சு. மௌனங்களை எடை போடுவதில் அவனுக்கு அனுபவம் உண்டு. இது பொய் சொன்னவளின் மௌனம் அல்ல. கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டவளின் மௌனம்.

"வாளிக்காரி பிரைடிக்குத் தெரியாது" என்றான்.

"தெரியாது."

"எப்பலேர்ந்து நீ பாக்கற?"

"ஈஸ்டர்லேர்ந்து." பெருமூச்சு விட்டாள். "வியாழக்கிழமை அவளுக்கு நெட்பால் பயிற்சி. அணியில எடுத்துட்டாங்க. அவ வேண்டாம்னுட்டா க்ளைவ், நம்பு. அப்பாவோட நாளு, போகமாட்டேன்னு அடம். நான்தான், போடி, நான் பாத்து வெக்கறேன், வந்ததும் சொல்றேன்னேன். முதல் வாரம் காசெட்டுல பதிவு பண்ணித்தான் வெச்சோம். போட்டதும் தூங்கிட்டா. ஓடிட்டு வர பொண்ணு, பதினாலு வயசு, என்ன பண்ணும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. வேற நாள் பேசியிருக்கலாம்."

"என்ன பேசியிருப்ப?"

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அவன் போனின் சுருள் வயரை விரலில் சுற்றினான்.

"அந்த விக்குக்குப் பதவி உயர்வு…" என்றான்.

"அது நான்தான்."

"டாரில்கிட்ட சொன்னேன். எம் பொண்ணு சொன்னான்னு. அங்க எல்லாரும் டாக்டர விக்குன்னுதான் கூப்பிடறாங்க."

"ஐயோ." சிரித்துவிட்டாள். "சொல்லிக்கோ. உம் பொண்ணுதான உன்கிட்ட சொன்னா."

அவனும் சிரித்தான் போலிருக்கிறது. சத்தம் வரவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ வாரங்களாகத் தன்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது யார் என்பது இப்போதுதான் மெல்ல உள்ளே இறங்கியது. ஏமாற்றப்பட்டதாகத் தோன்றவேண்டும் என்று எதிர்பார்த்தான். அப்படித் தோன்றவில்லை.

"இன்னிக்குப் பயிற்சி மழையில நீண்டுபோச்சு, இன்னும் வரல" என்றாள் ரொவீனா. "வந்தா என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல. கதைன்னா சொல்லலாம். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? கண்ணத் திறந்தான், மூடிட்டான். அதுக்கு இவ்வளவு விளம்பரம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கட்டா? எனக்குப் பாதியிலேர்ந்துதான தெரியும். அந்த வெஸ்ஸு எதுக்குப் பெட்டிக்குள்ள போய்ப் படுத்தான்?"

"காத்து போதல. கப்பல்ல குழாய் உடைஞ்சுபோச்சு. ஒருத்தர் உறைஞ்சு தூங்கினா மத்தவங்களுக்குப் போதும்."

"சீட்டு கீட்டு எழுதிப் போட்டாங்களா?"

"இல்ல. எல்லாரும் தூங்கறப்ப அவனே போய்ப் படுத்துக்கிட்டான். காலைல வந்து பாத்தாங்க."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொல்லல."

மழைச் சத்தம் கூடிக் குறைந்தது. "சொல்லியிருக்கணும்" என்றாள் ரொவீனா. "தியாகமாவே இருக்கட்டும். அந்த கேப்டன் பொம்பள அவனுக்கு யாரு? அவகிட்டயாவது, இந்த மாதிரி, எனக்குப் போக மனசில்லன்னு ஒரு வார்த்தை."

க்ளைவ் திரையைப் பார்த்தான். நிறுத்தி வைத்த படத்தை இயந்திரம் தானாகவே விட்டுவிட்டிருந்தது. நீலத்திரை மட்டும் எரிந்தது.

"மனசில்லதான்" என்றான். "அவனுக்கு."

சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. பிறகு அங்கே கதவில் சாவி திரும்பியது, ஈரக் காலணிகளை உதறும் சத்தம், ஏதோ ஒரு பை தரையில் விழுந்தது.

"வந்துட்டா." ரொவீனா வாயைப் போனோடு ஒட்டிக்கொண்டு வேகமாகப் பேசினாள். "உனக்கு எதுவும் தெரியாது. சரியா? உனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நெட்பால விட்டுடுவா."

"எனக்கு என்ன தெரியும்?"

"நல்லது." ஒரு கணம் தயங்கினாள். "அடுத்த வாரம் அவன் முழிச்சுடுவான்ல?"

"முழிக்கணும்."

ரிசீவரைக் கையால் மூடினாள். ஆனாலும் கேட்டது. கிசுகிசுப்பு, அவசர அவசரமாக: "…அப்பா… பழைய காட்சிதான் எல்லாம்… கடைசில கண்ணு… இல்லடி, மூடிக்கிட்டான்… போர்வைன்னு சொல்லு…" இன்னொரு குரல் மூச்சுவாங்க, "வேற? வேற என்னம்மா?" என்றது. க்ளைவ் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். ஒட்டுக்கேட்பதுபோல் இருந்தது. ஆனால் வைக்க மனமில்லை. அவ்வளவு தூரத்தில், தனக்காக, இரண்டு பேர் ஒரு வாசற்படி விளக்கின் கீழே நின்றுகொண்டு இத்தனை பாடுபடுகிறார்கள்.

"அப்பா! சாரிப்பா, குளிச்சுக்கிட்டிருந்தேன்."

"பரவால்லடா கண்ணு. தலைய நல்லாத் துவட்டிக்கோ."

"என்னப்பா இது இப்படிப் பண்ணிட்டாங்க? கிழிஞ்ச துணியெல்லாம் தைச்சு, இந்தா போர்வைன்னு நீட்டற மாதிரி!"

"ஆமா. எனக்கும் அப்படித்தான் இருந்துது."

"உனக்கே பிடிக்கலையா?" அவள் குரலில் ஆச்சரியம். இது அவளுடைய சொந்தக் கேள்வி. "அப்ப நிஜமாவே மோசம்தான்."

"நிஜமாவே மோசம்."

அவள் சிரித்தாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அடுத்து எதைச் சொல்வது என்று தேடுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. முதல்முறையாக, தேடுவதற்கு அவளுக்கு நேரம் கொடுத்தான். பின்னாலிருந்து கிசுகிசுப்பு வந்தது. கொஞ்சம் நீண்ட கிசுகிசுப்பு.

"அப்பா, அந்தச் சந்தைக் காட்சி வந்துதுல்ல? அதுல பின்னாடி ஒரு பொம்பள, வாளிய எடுத்துக்கிட்டு… நீ பாத்தியா?"

க்ளைவ் ரிசீவரின் சுருள் வயரை இழுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். ஒரு கையால் காசெட்டைக் கொஞ்சம் பின்னால் சுற்றினான்.

"எங்க? நான் கவனிக்கலையே" என்றான். "யாரு அவ? முதல்லேர்ந்து சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். பாதி சொல்லிவிட்டு நிறுத்தினாள், பின்னால் கேட்டுக்கொண்டாள், மீண்டும் தொடர்ந்தாள். நீலத்திரை போய்ச் சந்தை வந்தது. கேப்டன் விரலை ஆட்டிப் பேரம் பேசினாள். கூட்டம் நகர்ந்தது. சாம்பல் சால்வைக்காரி வலப்பக்க ஓரத்தில் மறைந்துபோனாள். அவ்வளவு தூரத்திலிருந்து மகளின் குரலும் அதற்குப் பின்னால் இன்னொரு குரலும் வந்துகொண்டிருக்க, அவன் திரையின் இடப்பக்க விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே முதலில் வாளி வந்தது. அதன் பிறகு கை.